பனியனுக்குள் தளபதி

அண்ணன் துணி சோப்பைப் பிளேடால் செதுக்கி ஏழு சிப்பாய்கள் செய்தான். மீசை வைத்தவர் தளபதி. சோப்பு தீர்ந்துபோன ஒருநாள், அம்மா தளபதியை எடுத்து அப்பாவின் பனியனுக்குத் தேய்த்துவிட்டாள்.

“கல்லுல அடிக்காதம்மா! உள்ள தளபதி இருக்கார்!” என்று அண்ணன் அலறினான்.

“இருந்தா அழுக்கோட சண்டை போடச் சொல்லு.”

அதன்பின் அப்பா அந்தப் பனியனைப் போடும்போதெல்லாம் அண்ணன் சல்யூட் அடித்தான். அப்பாவும் விறைப்பாக நின்று, “மீதிப் படை எங்கடா?” என்பார்.

“அம்மா கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிருக்கேன், ஐயா!”

பல வருஷங்களுக்குப் பிறகு, அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைத்தேன்.

“கல்லுல நாலு அடி போடுங்கக்கா, அப்பதான் கறை போகும்” என்றாள் பக்கத்து வீட்டு மரகதம்.

நான் அடிக்காமல் அலசிக் கொடியில் போட்டேன்.