பென்சிலில் மட்டும் எழுதப்படும் சொல்

இந்த அகராதி அலுவலகத்தில் எல்லாச் சொல்லுக்கும் தனித்தனி அட்டையில், மையில் பொருள் எழுதுகிறார்கள். 'புரட்சி'க்கு மட்டும் பென்சில். ஆட்சி மாறும்போதெல்லாம் அழிக்க வேண்டியிருக்கிறது. அழித்து அழித்து அட்டை தேய்ந்துபோய், அதன் வழியே எதிர்மாடியில் யார் தலை வாருகிறார்கள் என்பதுகூடத் தெரிகிறது. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? பதிப்பாசிரியை அம்மாள் அதைச் சாயங்கால வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். அழித்த பொருள்கள் வடுவாக மின்னுகின்றன: பழைய முறைக்கே திரும்புதல், ராஜத்துரோகம், மக்களின் உரிமை, முடிந்துபோன சங்கதி. இயக்குநர் மேசையோரம் ரப்பரோடு நிற்கிறார்.

"மந்திரி ஆபீஸ்ல சொன்னதை எழுதுங்கம்மா. 'அரசு கொண்டுவரும் நல்ல மாற்றம்', அவ்வளவுதான். இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலில வேற ஆள்."

"எழுதறேன் சார். அஞ்சாவதா."

"மத்த நாலு?"

"அதெல்லாம் முன்னாடியே வந்துடுச்சே சார்."

அம்மாள் புது அட்டை எடுத்து, பேனாவைத் திறக்கிறார். ஐந்து பொருளையும் ஆண்டு போட்டு, அவசரமில்லாமல், குண்டு குண்டாக எழுதுகிறார். இயக்குநரின் கை பழக்கதோஷத்தில் ரப்பரை நீட்டுகிறது. அம்மாள் அதை மரியாதையாக வாங்கி, மை காயும்வரை மின்விசிறிக் காற்றில் அட்டை பறக்காதபடி அதன் ஓரத்தில் வைக்கிறார்.