கனமான படை

"இது என்னம்மா, பிளாஸ்டிக்கா?"

ஹம்ஃப்ரி அந்தப் பொம்மைச் சிப்பாயைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார். நாட்டிங்ஹாமில் சர்ச் கூடத்தில் நடக்கும் அந்தப் போர் விளையாட்டுச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் கை தூக்காமல் யாரும் உறுப்பினராக முடியாது.

பெரிலுக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. எப்படியாவது இங்கே சேர்ந்துவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக உட்கார்ந்து வர்ணம் பூசியிருந்தாள்.

"ஆமாங்க. பெட்டிக்கு முப்பத்தாறு பேர், முப்பது பவுண்டு. ஆளுக்கு ஒரு பவுண்டுகூட ஆகல."

"அதான் பார்த்தாலே தெரியுதே! என் ஆளுங்க ஒவ்வொருத்தனும் ரெண்டரை பவுண்டு விலை. அத்தனையும் வெள்ளீயம்."

"ரெசின் வார்ப்புல வாங்கினா, சார்?" டீ ஊற்றிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார் பழைய உறுப்பினர் கிளிஃப்.

"அது வெள்ளீயத்தைவிட விலை. கீழ விழுந்தா சுக்குநூறு. படைன்னா கையில கனக்கணும்யா! தும்மினா பறக்கிறதெல்லாம் ஒரு படையா?"

கூடத்தில் இருந்த ஆறு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பெரில் தன் பெட்டியை மூட ஆரம்பித்தாள்.

டீக் கோப்பைகளோடு திரும்பிய கிளிஃபின் முழங்கை இடித்ததில், மேஜைமேல் அணிவகுத்திருந்த ஹம்ஃப்ரியின் படை பலகையோடு சரிந்தது. இருபத்துநாலு சிப்பாய்களும் தரையில்.

"யாரும் தொடாதீங்க! வெள்ளீயம், வளைஞ்சுடும். நானே எடுக்கறேன்!" ஹம்ஃப்ரி மண்டியிட்டுத் தவழ்ந்தார்.

ஒருவன் மட்டும் பெரிலின் காலடிக்கு உருண்டு வந்திருந்தான். எடுத்தாள். அடிவட்டம் கழன்று, கனத்துக்காக உள்ளே ஒட்டியிருந்த ரெண்டு பென்ஸ் காசு அவள் கையில் விழுந்தது. சிப்பாயில் கனமே இல்லை. சுத்தமான பிளாஸ்டிக்.

நிமிர்ந்தாள். ஹம்ஃப்ரி தரையிலிருந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

இத்தனை வாய் பேசினவரை நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தக் கண்களைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சிப்பாயையும் காசையும் சேர்த்து அவர் கையில் வைத்துப் பொத்தினாள்.

"அடேங்கப்பா! என்ன கனம், சார்!"

வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது ஹம்ஃப்ரியின் கை.

"பிளாஸ்டிக்தான். இருந்தாலும் வர்ணம் பரவாயில்ல" என்றார் விறைப்பாக.

வாசல்வரை கிளிஃப் அவள் பெட்டியைத் தூக்கி வந்தார்.

"பெண்டாட்டி படுத்த படுக்கையா கிடந்தப்போ, நிஜ வெள்ளீயப் படையை வித்துட்டாரும்மா. நாலு வருஷமா எங்க எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது."

"ஐயோ! நீங்க தெரியாம இடிச்சப்போ நான் பதறிட்டேங்க!"

"தெரியாமலா? புதுசா யார் வந்தாலும் இடிப்பேன். இங்க சேர அதுதான் பரீட்சை" என்று கண்ணடித்தார் கிளிஃப். "படைக்கு ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக்தானே!"