ஒன்றரை மணி நேரத் தியானம்

"மணி அடிச்சாதான் கண்ணைத் திறக்கணும். அதுக்கு முன்னாடி வீடே பத்தி எரிஞ்சாலும் திறக்கக் கூடாது. லாமா சொன்ன முதல் பாடம்" என்றார் மனோஜ்குமார்.

மகள் ஸ்வாதி தலையாட்டினாள். அம்மா காவேரி இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஆஷ்லியைக் கல்யாணம் செய்துகொண்டவள் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று ஆறு வருடம் பிடிவாதமாக இருந்தவர், சாவுக்காக அவளை உள்ளே விட்டிருந்தார்.

ஹெப்பாள் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றதும் பைலகுப்பை திபெத்திய மடாலயத்தில் தியானம் கற்றுக்கொண்டு, ஒரு வெண்கலக் கைமணியும் வாங்கி வந்து காவேரியிடம் கொடுத்தார். தினமும் மாடி அறையில் உட்கார்ந்து எல்லா உயிர்களுக்கும் அன்பு அனுப்புவார். மருமகன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

"ஒன்றரை மணி நேரம் அசையாம உட்காருவேன். இப்ப பத்து நிமிஷம் தாங்கலை. கண்ணை மூடினா அவ முகம்தான் வருது. மொபைல்ல அலாரம் வெச்சும் பாத்தாச்சு. அது மணியா? ஆபீஸுக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"அம்மா எப்ப அடிப்பாங்க?"

"அவளா பாத்து அடிப்பா. நான் எவ்வளவு ஆழமாப் போயிருக்கேன்னு அவளுக்குத் தெரியும். முதல்ல இருபது நிமிஷம். அப்புறம் முக்கால் மணி. கடைசி ரெண்டு வருஷமா ஒன்றரை மணி. லாமாவே அசந்துட்டார். அவளுக்கு ஒரு நாள்கூட நன்றி சொல்லலை. இனிமே நீ வந்து அடிச்சுக் கொடும்மா. இல்லேன்னா நான் இப்படியே தவிச்சுப் போயிடுவேன்."

ஸ்வாதியின் நான்கு வயது மகள் ஜெசிகா ஓடி வந்து மேசை மேலிருந்த மணியைப் பிடித்தாள். "நானு, நானு."

"வேண்டாம் பாப்பா, வெச்சிடு. அதை அடிக்க ஒரு பக்குவம் வேணும்."

ஸ்வாதி அழுதுவிட்டாள்.

"நீங்க மேல போய்க் கதவைச் சாத்தினதும் அம்மா எங்களுக்குப் பின்வாசலைத் திறந்துவிடுவாங்கப்பா. இவ பேச ஆரம்பிச்சப்புறம் அம்மாவுக்கு எங்களை அனுப்பவே மனசு வரலை."

மனோஜ்குமார் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கிளம்பறப்ப தினமும் உங்களுக்கு மணி அடிச்சது இவதான்."