பச்சை சுற்றிய கட்டு

"உலகம்மை உங்களை நல்லா ஏமாத்திட்டு இருக்கா, பாய்."

தென்காசி ஸ்டேஷன் வாசலில், ஜட்கா வண்டிகளுக்குப் பின்னால் ஒலி முகம்மதுவைக் கூட்டிக்கொண்டு போய், சக வண்டிக்காரன் பிச்சைமணி சொன்னான். தரையில் ஒரு புல்லுக்கட்டு அவிழ்ந்து கிடந்தது. மேலே ஒரு சுற்றுக்குப் பச்சை அருகம்புல். உள்ளே பூராவும் பழுப்பேறிக் காய்ந்த புல்.

காலையில் ஒலி முகம்மது புல் விற்கும் உலகம்மையிடம் வாங்கி, பிரிக்காமல் அப்படியே பிச்சைமணியின் குதிரைக்குக் கொடுத்த கட்டுதான் அது.

"எத்தனை நாளா இப்படி?"

"சாரல் தொடங்கினதுல இருந்தே. மழை ஓங்கி அடிச்சா பச்சை கொஞ்சம் கனமா இருக்கும். வெறிச்ச நாள்ல இந்தா, இவ்வளவுதான்."

"பிறகு ஏன் சொல்லலை?"

"ஓசியில வார புல்லுல என்னத்தக் குத்தம் சொல்ல? பச்சையை உருவிக் குதிரைக்குப் போட்டுட்டு மிச்சத்தை அதுக்குக் கீழ மெத்தையா விரிச்சேன். இன்னைக்கு அதுக்கும் பச்சை பத்தலை. அதான் சொல்லுதேன்."

ஒலி முகம்மதுவுக்கு நெஞ்சு கசந்தது.

அவருடைய குதிரை சிட்டு, கட்டையான மட்டக்குதிரை. தண்ணீரைக் குடித்தாலும் சதை போடுகிற உடம்பு. போன சீசனில் அது கேட்ட மட்டும் உலகம்மையிடம் வாங்கிய பச்சைப்புல்லும் கொள்ளும் போட்டார். குளம்பில் சூடு இறங்கி, முன்னங்கால்களை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் ஜட்கா ஸ்டாண்டுக்கே வந்து பார்த்தார். இனி கொள்ளு கூடாது, பச்சை கூடாது, விதை உதிர்ந்து காய்ந்த பழம்புல்தான் போட வேண்டும், அதிலும் பூசணம் இருக்கக் கூடாது, இன்னொரு தடவை படுத்தால் எழாது என்றார்.

அன்றிலிருந்து, வழியில் பச்சை மேயாமல் இருக்க, சிட்டுவுக்கு வாய்க்கூடு. குற்றாலம் சாலை நெடுகப் புல் பச்சைப்பசேல் என்று நிற்க, கூட்டை மாட்டிக்கொண்டு ஓடும் குதிரையைப் பார்த்து, குளிக்க வந்தவர்கள் அவரைக் கல்நெஞ்சக்காரன் என்றார்கள். கேட்டுக்கொண்டார்.

காய்ந்த புல்லுக்குத்தான் வழியில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் ஒழுகலில் கறுத்துப் போனது. சுரண்டை வரை போய் வாங்கினாலும் சாரலில் நனைந்துதான் வந்து சேரும். இரண்டு நாளில் பூசணம். அதைத் தின்று சிட்டு இருமியது. விற்றுவிடலாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, வாசுதேவநல்லூர் வியாபாரி ஒருவரை அன்று சாயந்திரம் வரச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் உலகம்மையிடம் பச்சைக்கட்டு வாங்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால், அவள் புல்தான் குதிரையைப் படுக்க வைத்தது என்று ஸ்டாண்டில் பேச்சாகும். அப்புறம் அவளிடம் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். புருஷன் இல்லாதவள், பிழைப்பு போய்விடும். அதனால் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் பிச்சைமணியிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவளும் தினமும் கட்டைக் கையில் கொடுக்கும்போது, "மேல உள்ளதைத் தள்ளிட்டுப் போடுங்க, பாய்" என்பாள். நனைந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அவரும் தலையை ஆட்டுவார்.

இப்போது கட்டை வாரி எடுத்துக்கொண்டு போனார். கூட்ஸ் ஷெட்டின் சரிவுக் கூரைக்குக் கீழே உலகம்மை தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டை அவள் முன்னால் போட்டார்.

"இது என்ன, உலகம்மை? ஊர் வாயில நீ விழுந்துரக் கூடாதுன்னு நான் வாங்கினேன். எனக்கே இப்படிக் கட்டிக் கொடுக்கியே."

அவள் பதறவில்லை. ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு, பாய். சித்திரையிலேயே சுந்தரபாண்டியபுரத்துப் பாறை மேட்டுல விதை உதுந்து நின்ன புல்லா அறுத்து, அடுப்புக்கு மேல பரண்ல அடுக்கி வச்சேன். புகை படுததுனால பூசணம் அண்டாது. மோந்து பாருங்க."

அவர் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தார். லேசான புகை வாசம். உடைத்தால் படக்கென்று ஒடிந்தது. தூசி பறக்கவில்லை. அவர் சுரண்டை வரை தேடிக் கிடைக்காத புல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அம்புட்டுப் பேரு நிக்கையில எப்படிச் சொல்ல? என் புல்லுதான் உங்க குதிரையைப் படுக்க வச்சுதுன்னு நானே தண்டோரா போட்டாப்புல ஆயிராதா? அதான், மேல உள்ளதைத் தள்ளிட்டுப் போடுங்கன்னு தெனமும் சொன்னேன்."

அவர் மேலே சுற்றியிருந்த பச்சையைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இது?"

"சாரல்ல நடந்து வாரேன். அதைச் சுத்தலைன்னா உள்ள இருக்கது நனைஞ்சிராதா, பாய்?" என்றாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப் போல மெல்லக் கேட்டாள். "சிட்டு பிரியமாத் திங்குதா?"

ஸ்டாண்டில் பிச்சைமணியின் குதிரை அந்தப் புல் மெத்தையின் மேல் கால் மாற்றி நின்றது.

தூறல் மறுபடியும் பிடித்தது. ஒலி முகம்மது தோள் துண்டை எடுத்துக் கட்டின் மேல் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். வண்டிப் பக்கம் வந்ததும் பிச்சைமணியிடம், "வியாபாரி வந்தா குதிரை விலைக்கு இல்லைன்னு சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, மேலே உள்ள பச்சையைத் தள்ளி, சிட்டுவின் வாய்க்கூட்டைக் கழற்றினார்.