முதல் தாள்

இழுத்தார். வரவில்லை.

மேலும் வலித்து இழுத்தார். பாதித் தாள் கையோடு வந்தது. மறுபாதி அச்சுப்பொறியின் உள்ளேயே தங்கிவிட்டது.

செம்மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"வாங்கிக் குடுத்தவன் லட்சணம் அப்படியே இருக்கு" என்றார் தந்தை.

வாங்கிக் கொடுத்தவன் சேந்தன். மகள் தானே தேர்ந்துகொண்ட மணமகன். அவன் பெயரை அவர் இதுவரை உச்சரித்ததில்லை. 'அவன்' என்பதே அவனுக்கு மிகுதி என்பது அவர் கருத்து.

அவள் ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு அருகில் வந்தாள்.

குளிக்கச் செல்லுமுன் கெட்டித் தாள்களை அவளே பொறியில் அடுக்கி வைத்திருந்தாள். வந்ததும் மடிக்கணினியில் அச்சிடப் பணித்தாள். முதல் அழைப்பிதழே சிக்கிக்கொண்டது.

"கல்யாணப் பத்திரிகைய வீட்லயே அடிக்கிறாளாம். ஓட்டல் மெனு கார்டுகூட இதவிடக் களையா இருக்கும்."

பொறியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பழைய வானொலிப்பெட்டி இவ்வடிக்குப் பணிந்ததுண்டு. இது பணியவில்லை.

கையேட்டைப் புரட்டினார். எத்தனையோ மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. அதனையும் எறிந்தார்.

அச்சகத்திற்கே சென்றிருக்கலாம். ஆனால், அச்சகத்தார் அவருடைய நண்பர். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்னும் வரியின்கீழ்த் தந்தையின் பெயர் எங்கே என்று கேட்பார்.

"எம் பேர அதுல பார்த்தேன், கிழிச்சுப் போட்டுடுவேன்." சென்ற வாரம் அவர் சொன்னது.

ஆகவே, அவ்வரியின்கீழ் அம்மாவின் பெயர் மட்டும் தனித்து நின்றது.

அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். பின்மூடியைக் கழற்றினாள். உருளையில் சுற்றிக்கொண்டிருந்த தாளை இரு கைகளாலும் மெல்ல உருவினாள்.

"அதுவும் உன்ன மாதிரியேதான். நல்ல வழி ஒண்ணு இருந்தா, அதுல மட்டும் போகாது."

தாள் வந்தது.

அதன் மூலை ஈரத்தில் குழைந்திருந்தது.

ஈரம் மஞ்சளாக இருந்தது.

மற்றொரு மூலையும் அவ்வாறே. அவர் கிழித்தெறிந்த பாதியைத் தரையிலிருந்து எடுத்தாள். அதன் இரு மூலைகளிலும் மஞ்சள். பொட்டு வைப்பதுபோல் அளவாகத் தடவப்பட்டிருந்தது.

அம்மா நேற்றே தஞ்சாவூர் சென்றுவிட்டாள்.

வீட்டில் இருவரே.

அவள் நிமிர்ந்தாள். அவர் சாளரத்திற்கு வெளியே எதையோ இகழ்ச்சியாக நோக்கிக்கொண்டிருந்தார். வலக்கை விரல்கள் வேட்டி மடிப்பிற்குள் புதைந்திருந்தன.

அவள் உருளையைத் துணியால் துடைத்தாள். துணியும் மஞ்சளாயிற்று. மூடியைப் பொருத்தினாள்.

"அடிச்சு முடிச்சப்புறம்தான் தடவணும்ப்பா."

"என்னத்த?" என்றார். திரும்பவில்லை.

அவள் மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். அச்சிடவில்லை. அம்மாவின் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டாள்.

வெற்றிடத்தில் சிறு கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது.

காத்திருந்தாள்.

அவர் செருமினார். அவள் பின்னால் வந்து நின்றார். திரையை, அதை வாங்கிக் கொடுத்தவனும் சேந்தனே என்பதுபோல் பார்த்தார்.

"இனிஷியலத் தப்பாப் போட்டுத் தொலைக்காத."