தலைக்கு இடமில்லாத கேபின்

பட்டறையின் கண்ணாடிக் கூரை வழியே விழும் மதிய வெளிச்சத்தில், புது லாரிக்கென்று அளவு பார்க்கப் பலகையில் அடித்து வைத்த கேபினுக்குள் டிரைவர் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உச்சந்தலை மேலே இடிக்கிறது. லேப்டாப்போடு வெளியே நிற்கும் இன்ஜினியர் பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே விளக்குகிறாள். "எந்தப் பக்கம் மாத்தினா ஓடுற லாரி மேல சுழல்காத்தோட இழுவை குறையுதோ, கம்ப்யூட்டர் அந்தப் பக்கமே கொஞ்சம் கொஞ்சமா வடிவத்தை நகர்த்தும், அண்ணே. நானூறு தடவை நகர்த்தியிருக்கு." "நானூறு தடவையும் என் தலையப் பாத்துதானாம்மா?" என்கிறார் டிரைவர். அவள் பக்கத்தில் நிற்கும் மேனேஜர் வாட்சைப் பார்க்கிறார். "இழுவை ஒன்பது சதவீதம் குறைஞ்சிருக்கு. சீட்டை இறக்கிக்கலாம்." "இறக்கினா எனக்கு ரோடு எங்க சார் தெரியும்?" கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? தொடக் கூடாதவை என்று அதற்குக் கொடுத்த பட்டியல் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது: விளக்குகள், கதவு, கம்பெனி முத்திரை. உள்ளே ஓர் ஆள் உட்காருவான் என்று எழுத, இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரைவர் குனிந்த தலையோடு அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால், கேபின் நெற்றியில், கம்பெனி முத்திரை ஒரு நூல்கூடக் குறையாமல் நிமிர்ந்து நிற்கிறது.