உன் பாஷையில் பேசமாட்டேன்

"இங்கிலீஷ் வாத்தியார் நீங்கதானா? டையைப் பார்த்தப்பவே நினைச்சேன்."

மெட்ராஸிலிருந்து வந்த சினிமா டைரக்டர் பாலசுந்தரம் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். சித்தூர் மிஷன் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் நடத்தும் சத்தியநாதனுக்கு முகம் சுருங்கிப்போனது.

வெள்ளைக்காரன் கப்பலேறி முப்பத்தாறு வருஷம் ஆகியும் நம் நாக்கைவிட்டு இறங்கவில்லை, என் படமே அதைப் பற்றித்தான் என்றார் டைரக்டர். துரைக்குக் கூழைக்கும்பிடு போடும் கிளார்க் வேஷத்துக்கு சத்தியநாதனைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாதாம்.

வீட்டில் சொன்னதும் மனைவி எலிசபெத் சிரித்துவிட்டாள்.

"நாம என்ன இங்கிலீஷா பேசிக்கினு இருக்கோம்? பசங்களைத் தெலுங்குல திட்டறீங்க. ஆண்டவர்கிட்ட தமிழ்ல ஜெபம் பண்றீங்க. அதை அவர்கிட்ட சொல்றதுதானே?"

அந்த மனிதர் சொல்வதும் நிஜம்தானோ என்று சத்தியநாதனுக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நடிக்க ஒப்புக்கொண்டார்.

பாகாலா ரயில்வே ஸ்டேஷனில் ஷூட்டிங். புது மாதிரிப் படமாம். கதை முன்னும் பின்னும் தாவும், படம் பிடிக்கிறவர்களே படத்துக்குள் தெரிவார்கள். கடைசிக் காட்சியில் கிளார்க் துரைக்கு முதுகைக் காட்டிவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வசனம் பேச வேண்டும்.

சத்தியநாதன் திரும்பினார்.

"இனிமே உன் பாஷையில பேசமாட்டேன்."

குரல் நடுங்கியது நடிப்பில்லை. வேடிக்கை பார்த்த போர்ட்டர்கள் கை தட்டினார்கள். கூட வந்திருந்த எலிசபெத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். பதினெட்டு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது சத்தியநாதனுக்கு.

"பிரமாதம் சார். இன்னொரு தடவை எடுத்துடலாம்."

"ஏதாவது தப்பாயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. அதே வசனம்தான், இங்கிலீஷ்ல சொல்லிடுங்க. படம் சீமையில போட்டிக்குப் போகுது. பரிசு கொடுக்கப்போறவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க. அவங்களுக்குப் புரியணும் பாருங்க."

சத்தியநாதன் எலிசபெத்தைப் பார்த்தார். அவள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிக்கணும் சார்," என்றார். "பேசமாட்டேன்னு இப்பத்தானே சொன்னேன்."